நாலு கிலோமீட்டர்தானே, ஒரே நடையில் ஏற்றிவிடலாமா? – வாசகர் கேள்வி, பதில்

இந்த முறை செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் டிராக்டரும் டிரைலரும் பற்றியவை. கல், மரம், நெல், தரைக்கல் என்று பொருள் மாறினாலும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: தூரம் குறைவாக இருந்தால் சுமையைக் கூட்டலாமா?

கே: கானாடுகாத்தானில் பங்காளி வீட்டின் ஒரு பகுதியைப் பிரித்ததில் எங்கள் பங்குக்குப் பத்துக் கல்தூண்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 9 அடி நீளம், ஓரடிச் சதுரம். திருச்சி–ராமேஸ்வரம் நெடுஞ்சாலையைக் கடந்து 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்தில் சேர்க்க வேண்டும். 45 குதிரைத்திறன் டிராக்டரும், 5 டன் ஏற்றும் இரண்டு சக்கர டிப்பர் டிரைலரும் இருக்கின்றன. வழியில் ஒரு கண்மாய்க் கரை ஏறி இறங்க வேண்டும். "கொஞ்சம் கூடுதல்தான், மெதுவாகப் போனால் ஒரே நடையில் முடிச்சிடலாம்" என்கிறார் டிரைவர். செய்யலாமா ஐயா?

ப: வேண்டாம். ஐந்து ஐந்தாக இரண்டு நடை போங்கள். கரையின் இறக்கம் செங்குத்தாக இருந்தால் மூன்று நடை.

முதலில் எடை. கருங்கல் ஒரு கன அடிக்குச் சுமார் 75 கிலோ. உங்கள் தூண் ஒவ்வொன்றும் 9 கன அடி, அதாவது 675 கிலோ. பத்துத் தூணுக்கு 6,750 கிலோ. 5 டன் டிரைலருக்கு இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல், "கொஞ்சம்" இல்லை. டிரைலரின் சொந்த எடை ஒன்றரை டன், டிராக்டர் சுமார் 2 டன். ஆக, கரையில் இறங்கும்போது டிரைவர் நிறுத்த வேண்டியது பத்தேகால் டன்.

இதை இழுத்துவிட முடியும் என்பதுதான் ஆபத்தே. நல்ல தார்ச்சாலையில் உருட்டிச் செல்ல மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இழுவிசை போதும். பத்து டன்னுக்கு 150 கிலோ. 45 குதிரைத்திறனுக்கு அது பொருட்டே இல்லை. அதனால் வீட்டு வாசலில் கிளட்சை விட்டதும் வண்டி சுகமாக நகரும், டிரைவருக்கும் நம்பிக்கை வந்துவிடும். தாங்குமா தாங்காதா என்பது நிறுத்தும்போதுதான் தெரியும்.

நம் பக்கத்து டிப்பர் டிரைலர்கள் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. டிராக்டரிலும் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். பின் அச்சில் டிராக்டரின் எடை 1,300 கிலோ, ஹூக்கில் டிரைலர் அழுத்துவது 800 கிலோ என்று வைத்தால், அந்த இரண்டு டயர்களுக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு மட்டுமே பத்தேகால் டன்னையும் நிறுத்துகிறது. காய்ந்த தார்ச்சாலையில் கணக்குப் போட்டால், மணிக்கு 10 கிலோமீட்டரில் பிரேக் அடித்தால் 3 மீட்டரில் நிற்கும். 20-ல் வந்தால் 12 மீட்டருக்கு மேல் வேண்டும். 30-ல் 28 மீட்டர். கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. காலி டிரைலரோடு 20-ல் வந்தால் 6 மீட்டரில் நிற்கிற அதே வண்டிதான் இது. டிரைவரின் கைப்பழக்கமெல்லாம் அந்த 6 மீட்டருக்குப் பழகியது.

இப்போது கரை. 12 அடிக்கு ஓரடி இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். பத்தேகால் டன் வண்டியை அந்தச் சரிவு சுமார் 850 கிலோ விசையோடு கீழே தள்ளும். சரளை கிடக்கும் செம்மண்ணில் டயரின் பிடிப்பு தார்ச்சாலையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பின் சக்கரங்கள் பிடித்து நிறுத்தக்கூடியதும் அதே 850 கிலோ அளவுதான். மிச்சம் எதுவும் இல்லை. பிரேக்கை முழுதும் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். பின்னாலிருந்து டிரைலர் தள்ள, டிராக்டர் குறுக்கே திரும்பிக் கரையிலிருந்து உருளும். ஐந்து தூணோடு போனால் மொத்தம் ஏழு டன்னுக்குள். தள்ளும் விசை 575 கிலோ, பிடிக்கும் விசை 700 கிலோவுக்கு மேல். அந்த 125 கிலோ வித்தியாசத்தில்தான் உயிர் இருக்கிறது. மழை பெய்து கரை ஈரமாக இருந்தால் இந்தக் கணக்கும் நிற்காது. ஒரு நாள் காயவிட்டுப் போங்கள்.

தூரம் குறைவு என்பதால் குறைவது எது, குறையாதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டயர் சூடு, பேரிங் சூடு, இன்ஜின் சூடு ஆகியவை தூரத்தோடு ஏறுபவை. 4 கிலோமீட்டரில் அவை பெரிதாக ஏறாது என்பது உண்மை. ஆனால் ஹூக் பின் முறிவதும், ஸ்பிரிங் பட்டை உடைவதும், வெடிப்பு விட்ட டயர் பிளப்பதும், இறக்கத்தில் டிரைலர் தள்ளுவதும் ஒரு நொடிச் சங்கதி. ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது ஆக்ஸில் மீது சுமை இரண்டு மடங்காகக்கூடத் தாக்கும். அந்தப் பள்ளம் முதல் நூறு மீட்டரிலேயே, உங்கள் வீட்டுப் பின்வாசல் தெருவிலேயே இருக்கலாம்.

இரண்டாவது நடைக்கு ஆகும் செலவு இரண்டு மூன்று லிட்டர் டீசலும் ஒரு மணி நேரமும்தான்.

ஏற்றும் முறை: டிரைலரை ஹூக்கில் மாட்டி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே கல்லை ஏற்றத் தொடங்குங்கள். தளத்தில் குறுக்காக மூன்று மரச் சட்டங்கள் போட்டு, அவற்றின் மேல் தூண்களை நீளவாக்கில் ஒரே அடுக்காக, பக்கம் பக்கமாக வையுங்கள். ஓரடி அகலத் தூண் ஐந்து, ஆறடித் தளத்தில் அடங்கும். சுமையின் நடு, டிரைலர் அச்சுக்கு ஓரடி முதல் ஒன்றேகால் அடி முன்னால் வர வேண்டும். அச்சிலிருந்து ஹூக் 10 அடி என்றால் அப்போது ஹூக்கில் சுமார் 400 கிலோ இறங்கும். அது சரியான அளவு. தூண்களின் முன் முனை டிரைலரின் முன்தட்டை முட்டி நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் மரக்கட்டை கொடுத்து அடையுங்கள், இல்லாவிட்டால் பிரேக் அடிக்கும்போது கல் முன்னால் பாயும். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் ஆப்பு, மேலே குறுக்காக இரண்டு சங்கிலி, அவற்றை இறுக்க ராட்செட். கயிறு கல்லின் விளிம்பில் அறுபடும், நம்ப வேண்டாம். கல்லின் மேல் ஆள் உட்காரக் கூடாது.

ஹூக் பின்னைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். 28 மில்லிமீட்டர் பின் நடுவில் தேய்ந்து 25 ஆகியிருந்தால் அதன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. மாற்றுங்கள். கட்டடக் கம்பியை வெட்டிப் பின்னாகப் போடும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அந்தக் கம்பி இந்த வேலைக்கு ஆனதல்ல, பூட்டும் கிளிப்பும் அதில் மாட்டாது. பின்னோடு ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் இருக்கட்டும்.

டிராக்டரின் இடது வலது பிரேக் பெடல்கள் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி போடப்பட்டிருக்க வேண்டும். உழவுக்குப் பிரித்துவிட்டு அப்படியே சாலைக்கு வருவது வழக்கம். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் சுமையோடு வண்டி சுழன்றுவிடும்.

கரை ஏறுவதற்கு முன்பே லோ கியருக்கு வந்துவிடுங்கள். ஏறும் வழியில் கியர் மாற்றினால் கிளட்ச் மிதித்த அந்த நொடியில் டிரைலர் பின்னால் இழுக்கும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கிளட்சில் கால் படக் கூடாது, நியூட்ரல் கூடவே கூடாது. இன்ஜின் பிடிப்பே வேகத்தைக் காக்கும், பிரேக் லேசாகத் தொட்டால் போதும்.

நெடுஞ்சாலையைக் கடப்பதையும் கணக்கோடு செய்யுங்கள். டிராக்டரும் டிரைலரும் சேர்ந்து 10 மீட்டர் நீளம், சாலை 12 மீட்டர் அகலம் என்றால் மணிக்கு 5 கிலோமீட்டரில் முழுதும் கடக்க 16 விநாடி. அந்த நேரத்தில் 80 கிலோமீட்டர் வேகக் கார் 350 மீட்டர் வந்துவிடும். இரு பக்கமும் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கடங்கள், இரு பக்கமும் சிவப்புத் துணியோடு ஆள் நிற்கட்டும், விடிந்த பிறகு போங்கள்.

இறக்கும்போது டிப்பரைத் தூக்கிக் கல்லைச் சரிக்கவே கூடாது. தளம் சாய்ந்ததும் தூண்கள் மொத்தமாக வழுக்கி அச்சுக்குப் பின்னால் போகும். டிரைலர் பின்னால் அமர்ந்து டிராக்டரின் பின்பக்கத்தையே மேலே தூக்கும். முக்காலி நட்டு, ஒரு டன் செயின் பிளாக் கட்டி, ஒவ்வொன்றாக இறக்குங்கள். இடது வலது மாறி மாறி எடுத்தால் டிரைலர் ஒரு பக்கம் சாயாது.

கே: புதுவயல் மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றிப்போகும்போது, மேட்டில் டிராக்டரின் முன் சக்கரம் தரையைவிட்டுத் தூக்குகிறது. பானெட் மேல் ரெண்டு ஆளை உட்கார வைத்துச் சமாளிக்கிறோம். வேறு வழி உண்டா?

ப: ஆளை உட்கார வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தவறி விழுந்தால் விழுவது முன் சக்கரத்துக்கு அடியில்.

முன் சக்கரம் தூக்குவது, ஹூக்கில் இறங்கும் எடை அளவுக்கு மீறிவிட்டது என்பதற்கு அடையாளம். ஹூக், டிராக்டரின் பின் அச்சுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2 மீட்டர் என்று வையுங்கள். ஹூக்கில் 1,000 கிலோ இறங்கினால் முன் அச்சில் 350 கிலோ குறையும். சமதரையில் அங்கே இருந்ததே 700 கிலோ. மேட்டில் இழுவிசையும் சேர்ந்துகொள்ள, ஸ்டியரிங் சுற்றினாலும் வண்டி திரும்பாது. டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் முன் சக்கரத்தில் நிற்க வேண்டும்.

மூட்டைகளை டிரைலரின் முன்தட்டை ஒட்டி உயரமாக அடுக்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்த மேல் அடுக்கை எடுத்துப் பின்னால் பரப்புங்கள். அதற்காக எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடவும் கூடாது. ஹூக்கில் எடையே இல்லாவிட்டால் பின் சக்கரத்துக்குப் பிடிப்பு போய், பிரேக்கும் போய்விடும். சுமையில் பத்தில் ஒரு பங்கு ஹூக்கில் இறங்கினால் போதும். அதற்கு மேலும் தேவைப்பட்டால் டிராக்டர் கம்பெனி தரும் முன் எடைக்கட்டிகளை போல்ட் போட்டு மாட்டுங்கள். இவை முன்பக்கத்தைச் சரிசெய்யும், பிரேக்கைக் கூட்டாது. எடைக்கட்டி மாட்டியாயிற்று என்று இன்னும் பத்து மூட்டை ஏற்றக் கூடாது.

இன்னொன்று. ஹூக் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில், பின் அச்சுக்குக் கீழேதான் இழுவை இருக்க வேண்டும். சகதியில் மாட்டிய டிரைலரை இழுக்க, கலப்பை மாட்டும் மேல் கம்பியான டாப் லிங்க் இடத்திலோ அச்சுக்கு மேலோ சங்கிலி கட்டுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். அப்படிக் கட்டினால் டிராக்டர் தன் பின் அச்சைச் சுற்றியே மல்லாக்க விழும். ஒன்றரை நொடியில் முடிந்துவிடும், கிளட்சை மிதிக்க நேரம் கிடைக்காது. மாட்டிக்கொண்டால் பாதிச் சுமையை இறக்குங்கள். மிருதுவான சேற்றுத் தரையில் இழுக்க எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு விசை வேண்டும், தார்ச்சாலையைப்போல ஆறேழு மடங்கு. எடையைக் குறைப்பது ஒன்றுதான் அங்கே வேலை செய்யும்.

கே: தேவகோட்டையில் டிராக்டர் ரிப்பேர். என்னிடம் 75 குதிரைத்திறன் பிக்அப் இருக்கிறது. 45 குதிரைத்திறன் டிராக்டர் இழுக்கும் 4 டன் டிரைலரை 75 குதிரைத்திறன் இழுக்காதா? 2 கிலோமீட்டர்தான்.

ப: குதிரைத்திறன் ஒரே அளவாக இருந்தாலும், அது எந்த வேகத்தில் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே இழுவிசை. டிராக்டர் லோ முதல் கியரில் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குள் நகரும். திறன் முழுதும் இழுவிசையாக மாறும். பிக்அப்பின் முதல் கியர், இன்ஜின் சும்மா சுற்றும்போதே கிட்டத்தட்ட 6, 7 கிலோமீட்டர் வேகத்துக்கானது. நின்ற நிலையிலிருந்து அந்த வேகம் வரும்வரை கிளட்ச் தட்டு வழுக்கியபடியே இழுக்க வேண்டும். 4 டன் பின்னால் இருந்தால் அந்த வழுக்கல் நீளும், தட்டு கருகும். மூக்கைத் துளைக்கும் வாசம் வந்துவிட்டால் லைனிங் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. 2 கிலோமீட்டரில் நாலு இடத்தில் நின்று கிளம்பினாலே போதும். இங்கே கெடுப்பது தூரம் அல்ல, எத்தனை முறை நின்று கிளம்புகிறீர்கள் என்பதுதான்.

கிளட்சாவது மாற்றக்கூடிய பொருள். பிக்அப்பின் பின்னால் இருக்கும் வளையம் மாட்டிக்கொண்ட வண்டியை மீட்க வைத்தது; மேலும் கீழும் அழுத்தும் டிரைலர் சுமைக்கு வைத்ததல்ல. 400 கிலோ அங்கே தொங்கினால், அது பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருப்பதால் பின் அச்சில் 560 கிலோ ஏறி, முன் அச்சில் 160 கிலோ குறையும். பிக்அப்பின் பிரேக்கில் பெரும்பங்கு வேலை முன் சக்கரத்துக்குத்தான். அங்கே எடை குறைந்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒன்றாகக் குறையும். சுமார் 3 டன் மொத்த எடைக்குச் செய்த பிரேக், தன்னைவிடக் கனமான, பிரேக்கே இல்லாத ஒன்றை நிறுத்த முடியாது.

வாடகை டிராக்டர் பிடியுங்கள். அது கிடைக்காவிட்டால் சுமையைப் பிக்அப்பிலேயே, அதன் அளவுக்குள், நடை நடையாக ஏற்றுங்கள். காலி டிரைலரைக்கூடக் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். கயிறு இழுக்கும், நிறுத்தாது.

கே: டிரைலர் டயரில் காற்றை ஏற்றிவிட்டால் கூடுதல் லோடு தாங்குமா?

ப: தாங்காது. டயரின் பக்கவாட்டில் எண் இருக்கும். உதாரணமாக 122 என்றால் ஒரு டயருக்கு 1,500 கிலோ. அந்தச் சுமைக்கு எவ்வளவு காற்று என்பதும் அங்கேயே இருக்கும். அதற்கு மேல் அடைக்கும் காற்று டயரை விறைக்க வைக்கும், உள்ளே இருக்கும் நூல் அடுக்கை வலுவாக்காது. சரளைக் கல் குத்தினால் விறைத்த டயர் சட்டென்று பிளக்கும். குறைந்த காற்றும் மோசம், பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். ரீட்ரெட் டயர், பக்கத்தில் மயிர்க்கோடாக வெடிப்பு விட்ட டயர் என்றால் எழுதியிருக்கும் எண்ணையும் நம்பாதீர்கள்.

கே: கூடுதல் சுமைக்கு அபராதம் எவ்வளவு? தோட்டத்து டிராக்டருக்கும் உண்டா?

ப: மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு: 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், கூடுதல் சுமையை இறக்கும் செலவும் உங்களுடையது. பக்கவாட்டிலோ பின்னாலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே பிரிவில் 20,000 ரூபாய். எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்பதற்குச் சட்டத்தில் சலுகை கிடையாது. விவசாயப் பதிவு டிராக்டரில் வாடகைக்குக் கல், மணல் ஏற்றுவது தனிக் குற்றம். டிராக்டருக்கும் டிரைலருக்கும் பதிவு தனித்தனி, இன்சூரன்சிலும் டிரைலர் சேர்ந்திருக்க வேண்டும். மட்கார்டில் உட்கார்ந்து வருபவருக்கு இன்சூரன்ஸ் கிடைக்காமல் போன வழக்குகள் நிறைய.

கே: ஆத்தங்குடியிலிருந்து 800 சதுர அடித் தரைக்கல்லை ஒன்றரை டன் பிக்அப்பில் ஒரே நடையில் கொண்டுவரலாமா? பார்த்தால் பாதி வண்டிகூட நிறையாது.

ப: வண்டி நிறைகிறதா என்று பார்த்து எடையை முடிவு செய்யக் கூடாத பொருள் இது. ஒரு கல்லைத் தராசில் வையுங்கள். 8 அங்குலக் கல், முக்கால் அங்குலக் கனம் என்றால் 1.7, 1.8 கிலோ இருக்கும். ஒரு சதுர அடிக்கு 2.25 கல், ஆக 4 கிலோ. 800 சதுர அடி 3.2 டன். வண்டியின் அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு நடையாகப் போட்டாலும் நடைக்கு 100 கிலோ மிகும், உடைசலுக்குச் சேர்த்து வாங்கும் கல் வேறு இருக்கும். மூன்று நடை போங்கள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்த ஈரம் காயாத கல் என்றால் எடை இன்னும் கூடும்.

படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருக்கும் கல் விரிசல் விடும். நிற்க வைத்து, பூப்போட்ட முகமும் முகமும் பார்க்க, நடுவில் காகிதம் கொடுத்து, அடியிலும் ஓரத்திலும் வைக்கோல் திணித்து அடுக்குங்கள். வரிசைகள் முன் கேபினை ஒட்டித் தொடங்கினாலும், கனம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் நிற்கட்டும். கடைசி வரிசைக்குப் பின்னால் பலகை வைத்துக் கட்டுங்கள். முதல் நடை வந்து சேர்ந்ததும் நான்கு சக்கர ஹப்பையும் கிட்டக் கை கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் ஒட்டுகிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகே இரண்டாவது நடைக்குக் கிளம்ப வேண்டும்.